ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேர வகுப்பு: போகலாமா, வேண்டாமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூரை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதச் சொன்னவருக்கு வயது 39. எழுதிக் கொடுத்தது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தில் உள்ளதைச் சுருக்கித் தருகிறேன்.

இந்தச் சகோதரி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆறு வருடமாக ஓர் ஆயத்த ஆடை ஆலையில் ஹெல்பர் வேலை. தன் பெயரை எழுதுவார், எண்களைப் படிப்பார், அதற்கு மேல் வாசிக்கத் தெரியாது. கணவர் மாங்காய் சீசனில் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போவார், மற்ற மாதங்களில் கட்டட வேலை. நான்காம் வகுப்பில் ஒரு மகனும் இருக்கிறான். சர்க்கரையும் பி.பி.யும் உள்ள மாமியாரும் அதே வீட்டில்.

ஆலையில் புதிதாக ஒரு வகுப்புத் தொடங்கப் போகிறார்கள். தமிழ் வாசிக்க, எழுத, கூட்டிக் கழிக்க, அளவு நாடா பார்க்க, செல்போனில் பணம் அனுப்ப, சம்பளச் சீட்டைப் புரிந்துகொள்ளச் சொல்லித்தருவார்களாம். ஷிப்ட் முடிந்த பிறகு ஒரு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், ஆறு மாதம். எச்.ஆர். அலுவலகத்தில் பெயர் கேட்கிறார்கள். சகோதரி கேட்பது இது: "இத்தனை வயசுக்கு மேல எனக்கு ஏறுமா? ஏறினாலும் சம்பளம் கூடுமா? நான் வேலைக்குச் சேரும்போது கூட்டிட்டுப் போனவர் ஃபாரத்துல எட்டாவது பாஸுன்னு எழுதிட்டார். இப்ப பேர் கொடுத்தா, படிக்காதவன்னு தெரிஞ்சு வேலையை விட்டு எடுத்துடுவாங்களா? பொண்ணு உன்னைத் தாண்டிப் போயிட்டா, இனிமே நீ படிச்சு யாருக்கு என்ன பலன்னு வீட்டுக்காரர் கேட்கிறார். அதுவும் நியாயமாத்தான் தெரியுது."

கடிதத்தின் ஓரத்தில் மகள் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருக்கிறாள்: "பேங்குக்கும் இ.எஸ்.ஐ.க்கும் போகும்போது அம்மா என்னையும் கூட்டிட்டுப் போவாங்க. அன்னைக்கு எனக்கு ஸ்கூல் லீவு."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு உங்கள் மகளே பதில் எழுதிவிட்டாள். நீங்கள் வாசிக்கக் கற்றுக்கொண்டால் முதலில் பலன் அடையப் போகிறவள் அவள்தான். அவளுடைய பாடத்தை நீங்கள் சொல்லித்தர முடியாதுதான். அதை யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் இப்போது உங்கள் வீட்டின் கணக்குப்பிள்ளை வேலை முழுவதும் அவள் தலையில் இருக்கிறது. பேங்க் சலானை அவள் நிரப்புகிறாள். செல்லுக்கு வருகிற மெசேஜை அவள் படித்துச் சொல்கிறாள். ரேஷன் அட்டை, ஆதார் திருத்தம், குழுக் கடன் என்று எந்தத் தாள் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவீர்கள். கடன் எவ்வளவு, எந்த மாதம் தவணை தவறியது என்பதெல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

தொழிலாளர் வழக்கு பார்க்கிற என் அலுவலகத்துக்கு இப்படிப் பிள்ளைகளை உடன் அழைத்துக்கொண்டு வருகிற தாய்மார்கள் நிறையப் பேர். வருவது வேலை நாளில், பள்ளி நேரத்தில். நான் தாயிடம் பேசுவேன், தாய் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். அம்மா சம்பள பாக்கிக்காக அலைவதை அந்தப் பிள்ளைகள் வரிவரியாகப் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். அந்த வயதுக்கு அது தேவையில்லாத பாரம் என்றே நினைக்கிறேன். அடுத்த வருடம் உங்கள் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பெண் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகிறதும், கல்யாணப் பேச்சு வீட்டுக்குள் நுழைகிறதும் இந்த வயதில்தான். வீட்டு வேலைக்கென்று விடுகிற ஒருநாள் லீவு இரண்டாகி, நான்காகி, "அதான் ஸ்கூலுக்கே சரியா போறதில்லையே" என்ற பேச்சில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தம்பிக்காக உங்கள் படிப்பை நிறுத்தியபோது யாரும் உங்களைக் கேட்கவில்லை. மகள் விஷயத்தில் முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் என் பதில், வகுப்புக்குப் பெயர் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. உங்களுக்கு இருக்கிற பயத்தில் ஒன்றிரண்டு உண்மையானவையும்கூட.

வேலை போய்விடுமா?

வாசிக்கத் தெரியாது என்பது எந்தச் சட்டத்திலும் ஒழுங்கீனம் ஆகாது. ஹெல்பர் வேலைக்கு எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை ஆள் குறைப்பு என்று நிறுத்தினால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும். அதோடு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. தப்பு செய்தார் என்று சொல்லி நிறுத்தினால், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து விசாரணை நடத்த வேண்டும். "நாளையிலிருந்து வராதே" என்று வாய்வார்த்தையில் அனுப்ப முடியாது.

ஃபாரத்தில் எழுதப்பட்ட அந்த "எட்டாவது பாஸ்" மட்டும் வேறு விஷயம். வேலைக்குச் சேரும்போது பொய்யான விவரம் கொடுப்பதை ஒழுங்கீனமாக வைத்திருக்கிற ஆலைகள் உண்டு. இதில் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அந்த ஆள் வெறுமனே எழுதினாரா, அல்லது உங்கள் பெயரில் ஏதாவது சான்றிதழ் நகலும் சேர்த்துக் கொடுத்தாரா? சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தால், வகுப்பு விஷயமாக எச்.ஆரிடம் பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வெறும் எழுத்து மட்டும்தான் என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. படிக்கத் தெரியாதவர்கள் தன்னிடம் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துதானே ஆலையே இந்த வகுப்பை வைக்கிறது? ஆறு வருடம் உங்கள் வேலையில் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டவர்கள், இப்போது அந்த ஒரு வரியை வைத்து உங்களை அனுப்ப நினைத்தால், அதை எதிர்த்துப் பேச உங்கள் பக்கம் நிறைய இருக்கிறது. வகுப்புப் பதிவில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் மூன்றாம் வகுப்பு என்று உண்மையைச் சொல்லுங்கள். பழைய பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் மட்டும் வேண்டாம். பணம் கொடுத்தால் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இதுவரை நீங்கள் செய்யாத குற்றத்தை அன்றுதான் செய்தவர் ஆவீர்கள்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பள்ளிக்குப் போகாமலே தனித்தேர்வராக எழுதலாம். பன்னிரண்டரை வயது முடிந்த யாரும் எழுதலாம், மேல் வயதுக்குத் தடை இல்லை. ஆலை வகுப்பில் ஆறு மாதம் நன்றாக உட்கார்ந்தாலும் உடனே அந்தத் தேர்வை எழுதிவிட முடியாது. இரண்டு மூன்று வருடம் ஆகலாம். ஆகட்டும். அன்றைக்கு உங்கள் கையில் இருப்பது உண்மையான சான்றிதழாக இருக்கும்.

அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

வகுப்பு உங்கள் விருப்பமா, கட்டாயமா என்பதை முதலில் தெளிவாகக் கேளுங்கள். கட்டாயம் என்றால், ஆலை சொன்ன இடத்தில் ஆலைக்காக நீங்கள் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. அதை வேலை நேரமாகவே கணக்கிடச் சொல்லிக் கேட்கலாம். சட்டம் வகுத்த வேலை நேரத்தைத் தாண்டினால் இரட்டைச் சம்பளம் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, பழைய தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. விருப்பம் என்றால் சம்பளம் கேட்பது கஷ்டம். ஆனாலும் பாதி நேரம் ஷிப்டுக்குள், பாதி நேரம் ஷிப்டுக்கு வெளியே என்று கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் தனியாகக் கேட்காமல், பெயர் கொடுக்கிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

சம்பளத்தை விடவும் பெரிய பிரச்சினை உங்களுக்குக் கம்பெனி வண்டி. ஷிப்ட் வண்டி போய்விட்டால், வகுப்பு முடிந்து நீங்கள் எப்படி ஊருக்குப் போவீர்கள்? இருட்டிய பிறகு மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடப்பது யாருக்கும் சரிவராது. வீட்டிலும் முதலில் இதைச் சொல்லித்தான் தடுப்பார்கள். மாலை 7 மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்திருக்க அவர்களின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்கிறது சட்டம். வகுப்பு நாளில் தனி வண்டி உண்டா, எந்த நேரத்துக்கு, ஊர் வரைக்கும் வருமா என்பதை நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். வகுப்புக்குப் பணம் என்று சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சட்டம் அனுமதித்த பிடித்தங்களின் பட்டியலில் அது கிடையாது. பயிற்சி முடித்து இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்வேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால், அந்த இடத்திலேயே போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டு போய்ப் படித்துப் பார்த்து வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சம்பளம் கூடுமா?

தானாகக் கூடாது. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நமக்குப் பக்கத்தில் பெங்களூருவில், ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்து, பயிற்சி பெறாத பெண்களோடு ஒப்பிட்டுப் பொருளியல் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2018இல் அதன் முடிவு வெளிவந்தது. அது எழுத்தறிவு வகுப்பு கிடையாது; பேச்சு, நேரத்தைத் திட்டமிடுவது, பணத்தைக் கையாள்வது போன்றவற்றைச் சொல்லித்தந்த பயிற்சி. அந்தப் பெண்களின் உற்பத்தி நன்றாகக் கூடியது. ஆலைக்குப் போட்ட செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் லாபம் திரும்பி வந்தது. ஆனால் பெண்களின் சம்பளம் கூடியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பயிற்சி பெற்றவர்கள் வேலையை விட்டு ஓடிவிடவும் இல்லை. ஆக, இந்த வகுப்பை நடத்துவதில் ஆலைக்கு லாபம் இருக்கிறது. உங்களுக்குச் செய்கிற தருமம் என்று நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம்.

உங்கள் பங்கை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஹெல்பராக இருந்து செக்கர் வேலைக்குப் போக அளவு அட்டையைப் படிக்க வேண்டும், நாடாவில் அரை இஞ்சு, கால் இஞ்சு தெரிய வேண்டும், குறையைத் தாளில் எழுத வேண்டும். இந்த வகுப்பு அதற்குத்தான் உங்களைத் தயார் செய்கிறது. வகுப்பு முடித்தவர்களுக்குக் கிரேடு மாற்றம் உண்டா, எப்போது என்று தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

வீட்டுக்குள் என்ன வரும்?

சம்பளச் சீட்டிலிருந்து தொடங்கலாம். சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. அதில் பி.எஃப். என்று 12 விழுக்காடு உங்களிடம் பிடித்திருப்பார்கள், அதே அளவு ஆலையும் போட வேண்டும். உங்கள் 12 இலக்க பி.எஃப். எண்ணில், ஆதாரில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வருகிற குடும்பங்களில் பணம் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைபவர்கள் பலருக்கும் காரணம் இந்த ஒரெழுத்துப் பிழைதான். ஒரு ஊழியர் வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் பி.எஃப். வழியாகக் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வாரிசுப் பெயர் பதியாமல் விட்டதால் அந்தப் பணத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். நீங்கள் யாருடைய பெயரை வாரிசாகப் பதிந்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் அதுவும் யாரோ நிரப்பிய ஃபாரமாகத்தான் இருக்கும். வாசிக்கத் தெரிந்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

அடுத்தது இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உங்களிடம் 0.75 விழுக்காடு பிடிப்பார்கள், ஆலை 3.25 விழுக்காடு கட்டும். வைத்தியம் உங்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் ஏராளம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்று: புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில், பெண் தொழிலாளியைச் சார்ந்திருக்கிற மாமனார், மாமியாரும் குடும்பம் என்ற வரையறைக்குள் வருகிறார்கள், வருமான வரம்புக்கு உட்பட்டு. உங்கள் மாமியாரின் பெயரைச் சேர்க்க முடியுமா என்று ஆலையிலேயே கேளுங்கள். நீங்கள் போகிற வகுப்புக்கு வீட்டில் ஆதரவு வேண்டுமென்றால், இதைவிட நல்ல தொடக்கம் இருக்காது.

மாமியாரின் மாத்திரை விஷயத்தையும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைத்ததே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. சீட்டில் காலை, இரவு என்று எழுதியிருப்பதை, அட்டையில் உள்ள காலாவதித் தேதியை வாசிக்க வீட்டில் ஒரு பெரியவர் வேண்டாமா? இப்போது அந்தப் பொறுப்பும் பிள்ளையிடம்தான் இருக்கும்.

நான்காம் வகுப்பு மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்களோடு சேர்ந்து படிக்கப் பொருத்தமானவன் அவன்தான். பீகாரிலும் ராஜஸ்தானிலும் கிராமத்துத் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தி, பிள்ளைகளுக்கு என்ன பலன் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். தாய்மார்களின் வாசிப்பும் கணக்கும் முன்னேறின, பிள்ளைகளின் படிப்பில் அவர்கள் கலந்துகொள்வது கூடியது, பிள்ளைகளின் கணக்கில் முன்னேற்றம் வந்தாலும் அது சிறியது. அதனால் நீங்கள் படித்த உடனே மகன் முதல் ரேங்க் வாங்குவான் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் பத்து நிமிடம் அவனுடைய பழைய பாடப் புத்தகத்தை அவன் வாசிக்க, நீங்கள் வாசிக்க, தப்பை அவன் திருத்தட்டும். உங்களைத் திருத்துவதில் அவனுக்கு வருகிற உற்சாகத்தில் அவனே இன்னும் நன்றாக வாசிப்பான்.

கணவர் தடுக்கிறார் என்று கோபப்பட வேண்டாம். மனைவி படித்துவிட்டால் தன்னை மதிக்க மாட்டாளோ என்ற பயம் பல ஆண்களுக்கு உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். அவருக்கும் ஒரு பலனைக் காட்டுங்கள். கட்டட வேலை செய்கிறவர் என்பதால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் உறுப்பினர் ஆகலாம். பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, விபத்துக்கு அங்கே உதவித்தொகை உண்டு. ஏற்கெனவே பதிந்திருந்தாலும், உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறி இழந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த அட்டையை வாங்கிப் பார்த்துத் தேதி சொல்ல உங்களால் முடிகிற அன்று, வகுப்பு யாருக்கு என்ற கேள்வியை அவர் மறுபடி கேட்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஊருக்கும் கொஞ்சம்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முளைத்த இடமே நம் மண்தான். 1989இல், கிருஷ்ணகிரி பிரியாத பழைய தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கினார்கள். இத்தனை வருடம் கழித்தும் பல குழுக்களில் தீர்மான நோட்டு எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் எழுதுவதே கணக்கு, அவர் சொல்வதே வட்டி. அவர் நல்லவராக இருந்தால் சரி, இல்லாவிட்டால் குழு உடைகிறது. நோட்டைப் புரட்டிப் பார்க்கிற இரண்டு மூன்று பேர் கூடினாலே அந்த நிலைமை மாறும்.

பள்ளி மேலாண்மைக் குழுவும் அப்படித்தான். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற தாய்மார்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கூட்டத்தின் போக்கே மாறும். இதெல்லாம் ஆறு மாதத்தில் நடந்துவிடும் என்று சொல்லவில்லை. உங்கள் தெருவிலிருந்து அந்த ஆலைக்கு எத்தனை பெண்கள் ஒரே வண்டியில் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வயது, கண், வெட்கம்

39 வயதில் ஏறுமா என்றால், ஏறும். ஆனால் பெயர் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாற்பதை ஒட்டிக் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. எழுத்து கலங்கித் தெரிவதை "மண்டையில ஏறல" என்று நினைத்து வகுப்பை விட்டவர்களை நான் அறிவேன். இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே கேட்டுப் போகலாம். வீட்டில் பேசுவது தெலுங்கோ கன்னடமோ என்றால் அதையும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நம் எல்லைப் பகுதியில் அது சாதாரணம், பாடத்தை அதற்கேற்ப மெதுவாக நடத்தலாம்.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. கிருஷ்ணகிரியில் 71, தருமபுரியில் 68 சொச்சம். மாநிலத்திலேயே கடைசி இடம் தருமபுரிக்கு. உங்கள் லைனில் உட்கார்ந்திருக்கிற எத்தனை பேர் உங்களைப் போலவே மறைத்துக்கொண்டிருக்கிறார்களோ. இளவயது லைன் லீடர் யாராவது கேலி செய்தால் முதல் நாளே எச்.ஆரிடம் சொல்லுங்கள், வகுப்பை நடத்துகிறவர்களுக்கு அதைத் தடுக்கிற பொறுப்பு உண்டு.

ஆலை நேரம் ஒத்துவரவில்லை, வண்டியும் தர மறுக்கிறார்கள் என்றால், அதோடு விட்டுவிட வேண்டாம். 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், அரசுப் பள்ளிகளில் தன்னார்வலர்களை வைத்து இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள். உங்கள் மகன் படிக்கிற பள்ளியின் தலைமையாசிரியரிடம் கேட்டால் ஊரில் மையம் உண்டா என்று சொல்வார். நேரம் உங்களுக்கு வசதியாக இருக்கலாம். சம்பளச் சீட்டு, அளவு நாடா போன்றவை அங்கே அவ்வளவாக வராது. அதனால்தான் முடிந்தவரை ஆலை வகுப்பையே முதலில் முயலச் சொல்கிறேன்.

இறுதியாக, எனக்குத் தெரிய வேண்டிய ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. சம்பளச் சீட்டின் தலைப்பில் இருப்பது ஆலையின் பெயரா, உங்களைக் கூட்டிப்போனவரின் பெயரா? பாப்பாவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் பெயர் என்றால் நோட்டீஸ், இழப்பீடு பற்றி நான் மேலே சொன்னவற்றை அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கும், வகுப்பில் சேர உங்களுக்கு இடம் உண்டா என்பதையும் தனியாக உறுதி செய்ய வேண்டும். அப்படியானால் கடைசி மூன்று மாதச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.